தோளில் ஒட்டியிருந்த பொடி

சட்டை வாளித் தண்ணீரில் விழுவதற்குள் மகள் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"இரும்மா. ஒரு நிமிஷம்."

தம்பியை அடக்கம் செய்துவிட்டு வந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. நான்கு நாள் எங்கே போனான் என்று யாருக்கும் தெரியாமல், பேருந்து நிலையப் பெஞ்சில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்திருந்தான். மாரடைப்பு என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் கொடுத்த பையில் இருந்தது இந்தச் சட்டை. வலது தோளில் மஞ்சளாக ஏதோ தேய்ந்திருந்தது.

இருபத்திரண்டு வருடமாக மகரந்தத்தையே பார்த்துப் பிழைக்கிறவள் மகள். ஒட்டுநாடாவில் அந்தப் பொடியை எடுத்துக்கொண்டு சட்டையைத் திருப்பித் தந்தாள்.

"எங்கெல்லாம் அலைஞ்சான்னு அதுல தெரியுமாடி?"

"பாக்கலாம்மா."

விடுமுறை நாள், ஆய்வகத்தில் ஈ காக்கை இல்லை. நுண்ணோக்கியில் முதலில் புல் மகரந்தம். வழவழப்பானது, காற்றில் பறப்பது, தெருவில் நிற்கிற எவர் மேலும் படியும். பிறகு பெரிய மகரந்த மணி ஒன்று வந்தது, மேலெல்லாம் வலைப்பின்னல். வலைக் கண்களுக்குள் பசை. வண்டின் முதுகில் ஒட்டினால் லேசில் விடாது. நான்கு மணிகள் தாய்ச்செல்லின் ஒரே உறைக்குள் ஒட்டிக் கிடக்கும்போதே இந்தப் பின்னலுக்கு அச்சு விழுந்துவிடும். அப்புறம் உறை கரையும்; நான்கும் ஆளுக்கொரு பக்கம் போகும். பின்னல் மட்டும் அமிலத்தில் போட்டாலும் அழியாது.

இந்த மகரந்தம் வந்த கொடியை இதே ஆய்வகத்தில் விதை போட்டு முளைக்க வைத்தது அவள்தான். ஊரில் வேறெங்கும் கிடையாது. அவள் வீட்டுப் பின்வாசல் நிலையில் படர்ந்திருக்கிறது. போன வெள்ளிக்கிழமைதான் முதல் பூ விட்டது.

அன்று மத்தியானம் பின்கதவை யாரோ மூன்று முறை தட்டினார்கள். இனிக் குடித்துவிட்டு என் வாசலை மிதிக்காதே என்று அவள் தம்பியிடம் சொல்லி ஒரு மாதம் ஆகியிருந்தது. அவள் மிக்ஸியை ஓடவிட்டாள். நிறுத்தியபோது தட்டும் சத்தம் இல்லை.

இப்போது அந்தத் தட்டல் கேட்டது. லென்ஸிலிருந்து கண்ணை எடுத்தாள். எழுந்துபோய் ஆய்வகக் கதவைத் திறந்தாள். நீளமான தாழ்வாரம் காலியாகக் கிடந்தது. கதவை மூட அவளுக்குக் கை வரவில்லை.

தாய் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது அம்மா சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"தெரிஞ்சுதா?"

"வெள்ளிக்கிழமை என் வீட்டுக்கு வந்தான்மா."

அம்மாவின் கை நின்றது. ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பாள் என மகள் காத்திருந்தாள்.

"சாப்டானா?"

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"சாப்டான்."

அம்மா தலையாட்டினாள். ஈரச் சட்டையை உதறி ஹேங்கரில் மாட்டி, கழுத்துப் பட்டனிலிருந்து ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தாள்.