மரத்தடிப் படிவங்கள்

பொய்யைப் பிடிக்கும் வேலைக்குச் சம்பளம் கம்மி. மெய்யைப் பிடித்துவிட்டால் அந்தச் சம்பளமும் போய்விடும். இரண்டாவதை அவள் தன் புருஷனைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

தேர்தல் கருத்துக் கணிப்பு நடத்தும் அந்த அலுவலகத்தில் அவளுக்கு 'மறுகேள்வி அக்கா' என்று பெயர். வாக்காளர்களைப் பேட்டி எடுத்து வரும் படிவங்களில் பத்துக்கு ஒன்றை உருவி, அதிலிருக்கும் எண்ணைக் கூப்பிட்டு மூன்று கேள்விகள் கேட்பாள். எங்கள் ஆள் உங்களிடம் பேசினாரா? எவ்வளவு நேரம் பேசினார்? மரியாதையாக நடந்துகொண்டாரா? பன்னிரண்டு வருஷமாக இதே மூன்று. வீட்டுக்கு விருந்தாளி வந்துபோனால்கூட மனசுக்குள் இவைதான் ஓடும்.

போன தேர்தலின்போது அவள் புருஷன் அங்கே களப்பணியாளர். நானூறு வீடு ஏறி இறங்கி, ஆளும் கட்சி தோற்கும் என்று எழுதிக்கொண்டு வந்தார். மற்ற நிறுவனங்கள் எல்லாம் ஜெயிக்கும் என்றன. ஊரோடு ஒத்து வாழ்வதைக் கணக்கிலேயே செய்து காட்டக்கூடியவர் அங்கிருந்த இயக்குநர். நாற்பத்திரண்டு புள்ளி மூன்று என்று எதற்கும் ஒரு புள்ளி வைத்தே பேசுவதால் அவருக்கு 'தசமம்' என்று பெயர். அவர் அந்த எண்களை நைசாகத் தேய்த்து மற்றவர்களுடைய எண்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

ஆளும் கட்சி தோற்றது. கணிப்பு தவறியதற்குத் தொலைக்காட்சியில் காரணம் கேட்டார்கள். "களத்துக்குப் போன ஒருத்தர் மரத்தடியில உக்காந்தே படிவத்தை நிரப்பியிருக்கார். நீக்கிட்டோம்" என்றார் தசமம், கண் இமைக்காமல்.

மறுநாளிலிருந்து தெருவில் அவள் புருஷனுக்கு 'மரத்தடி' என்று பெயர். பள்ளிக்கூடத்தில் மகள் 'மரத்தடி பொண்ணு'. அவருக்கு இப்போது செருப்புக் கடையில் வேலை. "முன்னே தேய்ச்சேன், இப்ப விக்கிறேன். தொழில் மாறல" என்று சிரிப்பார். அவர் மன்னித்துவிட்டார். ஒரு வீட்டுக்கு ஒருத்தர் மன்னித்தால் போதும் என்று அவள் இருந்துவிட்டாள்.

தசமம் அவளைக் கூப்பிட்டு, "உங்க மேல எனக்குக் கோபம் ஒண்ணும் இல்லம்மா. நீங்க இருக்கலாம்" என்று பெரிய மனசு பண்ணினார். அவளும் இருந்தாள். ஒருத்தன் விழுவதைப் பார்க்க வேண்டுமானால் பக்கத்தில் நின்றால்தானே முடியும்? ஐந்து வருஷம் நின்றாள். அவளுக்குக் கால்வலி வந்தது. அவருக்குப் புதுக் கார் வந்தது.

இந்தத் தேர்தலுக்கு ஒன்பது நாள் இருந்தபோது கடைசிக் கணிப்பு. ஒரு பகுதிக்கு ஆள் அனுப்பவே நேரமில்லை என்று எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டிருக்க, தசமமே இருநூறு படிவங்களைக் கட்டாகக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார்.

"இந்தக் கட்டை விட்டுடுங்கம்மா. நானே பார்த்துட்டேன்."

"சரி சார்."

அவர் கதவைத் தாண்டுவதற்குள் அவள் நடுவிலிருந்து ஒன்றை உருவியிருந்தாள். பெண், வயது இருபத்து மூன்று, கல்லூரி மாணவி, ஆட்சி மீது மிகுந்த திருப்தி. எண்ணை அழுத்தும்போது விரலுக்கு அது ஏதோ பழகிய பாதையாகப் பட்டது. கடைசி மூன்று இலக்கங்களை விரல் பார்க்காமலே அழுத்தியது.

"என்னம்மா, ஆபீஸ் போன்லேர்ந்து கூப்பிடுற?" புருஷனின் குரல். பின்னால் யாரோ ஏழாம் நம்பரில் கறுப்பு இருக்கிறதா என்று கேட்டார்கள்.

"உங்களுக்கு வயசு என்ன?"

"விளையாடுறியா? நாப்பத்தெட்டு."

"காலேஜ் போறீங்களா?"

"நீ மதியம் சாப்பிட்டியா இல்லையா?"

அவள் வைத்துவிட்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள். வேலையை விட்டுப்போன ஓட்டுநர் எடுத்தார். அதற்கடுத்து, ஓய்வுபெற்ற தட்டச்சுக்காரம்மா. முப்பது எண்களில் விஷயம் தெளிவாகிவிட்டது. செத்த எண்ணாக இருந்தால் மாட்டிக்கொள்வோம் என்று, பழைய ஊழியர்களின் பட்டியலை எடுத்துத் தசமம் வாக்காளர்களைப் படைத்திருக்கிறார்.

திருட்டு அவளுக்கு ஆச்சரியமாக இல்லை. வேறொன்றுதான் சுட்டது. அவள் புருஷனின் பேரைக் கெடுத்த அதே கை, அவருடைய எண்ணை எழுதும்போது ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அது யாருடைய எண் என்றே நினைவில்லை. ஐந்து வருஷமாக அடுப்பில் சிறு தீயில் கிடந்தது அப்போது பொங்கியது.

முதலாளியிடம் போகலாம். முதலாளி தசமத்தின் மச்சான். விசாரணை வைப்பார்கள், இன்னொரு மரத்தடி கிடைப்பான்.

சாயங்காலம் தொலைக்காட்சி நிலையத்திலிருந்து ஒரு பெண் வழக்கம்போலப் பேசினாள். "எல்லாம் சரிபார்த்தாச்சா மேடம்?"

"சார்தான் எப்பவும் சொல்வாரே, யாரை வேணும்னாலும் கூப்பிட்டுக் கேளுங்கன்னு. நிகழ்ச்சியிலேயே ஒருத்தரைக் கூப்பிட்டுப் பாருங்களேன்."

"நல்லா இருக்கும் மேடம். ஆனா அவங்க சம்மதம் வேணுமே."

"அதை நான் வாங்கித் தர்றேன். ஒரு படிவத்தையும் எண்ணோட அனுப்பி வைக்கிறேன்."

சாப்பிடும்போது புருஷனிடம் கேட்டாள். "நாளைக்கு ஏழு மணிக்கு டிவிக்காரங்க போன் பண்ணுவாங்க. எடுப்பீங்களா?"

"செருப்பைப் பத்தியா?"

"கணிப்பைப் பத்தி. கேக்கறதுக்கு உள்ளதைச் சொன்னாப் போதும்."

"உள்ளதைச் சொல்ல என்ன? எடுக்கறேன்" என்றார் அவர்.

மறுநாள் சரிபார்ப்புத் தாளை எழுதி முதலாளிக்கு ஒன்றும் நிலையத்துக்கு ஒன்றுமாக உறையில் போட்டுத் தபாலில் சேர்த்தாள். கூப்பிட்டது முப்பது, பேட்டி நடந்தது பூஜ்யம். புள்ளி எதுவும் வைக்கவில்லை.

ஏழு மணிக்கு மகளோடு தொலைக்காட்சி முன் உட்கார்ந்தாள். தசமம் புதுக் கோட்டில் இருந்தார். ஐம்பத்தொன்று புள்ளி ஆறு என்றார். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள் என்றார். நிகழ்ச்சி நடத்தியவர் சிரித்துக்கொண்டே எண்ணை அழுத்தினார்.

மணி அடித்தபோதுதான் அவளுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. இந்த மனுஷன் இரக்கப்பட்டு 'ஆமாங்க, பேசினாங்க' என்று சொல்லிவிட்டால்? அவர் நல்லவர் என்பது அன்றுதான் முதல்முறையாக அவளுக்குப் பயமாக இருந்தது.

"வணக்கம். இந்தக் கணிப்புக்காக உங்ககிட்ட பேட்டி எடுத்தாங்களா?"

"என்கிட்டயா? இல்லைங்களே."

"படிவத்துல இருபத்து மூணு வயசு மாணவின்னு இருக்கு."

"நான் செருப்புக் கடையில நிக்கிறேங்க. மீசை வேற இருக்கு."

அரங்கில் சிரித்தார்கள். தசமம் முன்னால் சாய்ந்தார். "ஏதோ எண் மாறியிருக்கு. யார் சார் நீங்க?"



"என்னைத் தெரியலையா சார்? உங்ககிட்டதான் வேலை பார்த்தேன். மரத்தடி."

மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் நானூறு வீடு ஏறினேன் சார். நீங்க மரத்தடிக்குக்கூடப் போகல. நாற்காலியை விட்டே எந்திரிக்கல."

தசமம் வாயைத் திறந்தார். முழு எண்ணும் வரவில்லை, புள்ளியும் வரவில்லை. தண்ணீரை எடுத்துக் கோட்டில் சிந்திக்கொண்டார். பாவம் என்று அவளுக்குள் ஒன்று மெல்ல எழுந்தது. மகளின் முகத்தைப் பார்த்தாள்; எழுந்தது உட்கார்ந்துகொண்டது.

புருஷன் வந்து செருப்பைக் கழற்றும்வரை காத்திருந்தாள். பிறகு அலுவலகக் குரலில் கேட்டாள்.

"எங்க ஆள் உங்ககிட்ட பேசினாரா?"

"பேசினாரு."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு நிமிஷம் இருக்கும்."

"மரியாதையா நடந்துக்கிட்டாரா?"

அவர் யோசித்தார். "நான் நடந்துக்கிட்டேன்." பிறகு, "அவர் அங்க உக்காந்திருப்பாருன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார்.

"சொன்னா என்ன சொல்லியிருப்பீங்க?"

"விட்டுடுன்னு."

"அதான் சொல்லல."

அவர் செருப்பைச் சுவரோரம் ஒதுக்கி வைத்தார். "உனக்கு நாளைக்கு வேலை இருக்காதே?"

"உங்க கடையில ஆள் எடுக்கறாங்களா?"

"கேக்கறேன்" என்றார். சட்டையைக் கழற்றப்போனவர் திரும்பினார். "வர்ற வழியில மாடி வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டாரு."

"என்னன்னு?"

"பேர் சொல்லி."