ஓரத்து ஈரம்

படுக்கை விரிப்பு காய்ந்துவிட்டதா என்று நடுவில் தொட்டுப் பார்க்கிறவர்களுக்குச் சலவைத் தொழில் தெரியாது என்று அர்த்தம். நடுவில் எல்லாத் துணியும் காய்ந்துதான் இருக்கும். ஓரத்தில் இரண்டாக மடித்துத் தைத்திருக்கிறார்களே, அந்த இடத்தில்தான் ஈரம் ஒளிந்துகொண்டிருக்கும். அண்ணி ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து ஒரு முழம் இழுத்துப் பார்த்தாள். ஜில்லென்றிருந்தது. அடுத்த விரிப்பை எடுத்தாள். அதுவும் அப்படியே.

உண்மையில் அவள் ஒரே ஒரு கொழுந்தனுக்குத்தான் அண்ணி. அவன் நாள் முழுக்க அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டதில், மடிப்பு மேசையில் நிற்கிற, அவளைவிடப் பத்து வயது மூத்த அம்மாள்கூட அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். கடைசியில் கட்டின புருஷனே ஒருநாள் வாய் தவறி, "அண்ணி, வேன் சாவி எங்க?" என்று கேட்டுவிட்டு ஒரு வாரம் கேலிக்கு ஆளானார்.

அந்தப் புருஷன்தான் இப்போது மழையில் நனைந்தபடி வாசலில் வேனை நிறுத்திவிட்டு, தோளில் ஒரு மூட்டையோடு உள்ளே வந்தார். காலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மூட்டை அது. போன மூட்டை திரும்பி வந்தால் சலவைக்கடையில் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். கேட்காமலே தெரியும்.

"நாப்பது விரிப்பைத் திருப்பிட்டாங்க" என்றார்.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமே சொல்லல. அதான் எனக்கு பயமா இருக்கு. எப்பவும் திட்டுற ஆளு வாயைத் திறக்கலைன்னா என்ன அர்த்தம்? ஒரு சீட்டு மட்டும் எழுதிக் கொடுத்தாங்க."

ஆஸ்பத்திரிக் கிடங்கின் மேற்பார்வையாளரம்மாவை இவர்கள் தங்களுக்குள் விரலம்மா என்பார்கள். கண்ணாடி போட மாட்டாள், கணக்குப் பார்க்க மாட்டாள், விரலால் தொட்டே தீர்ப்புச் சொல்வாள். சீட்டில் இரண்டே வரி. வெள்ளிக்கிழமை வருகிற துணியில் ஒன்று ஈரமாக இருந்தாலும் வேறு சலவையகத்தைப் பார்த்துக்கொள்வோம். அன்றைக்குப் புதன்கிழமை.

அண்ணியின் சலவைக்கடைக்கு வருகிற ஐந்து துணியில் நாலு ஆஸ்பத்திரித் துணி. அது போனால் மீதி இருக்கும் ஒன்றை வைத்துக்கொண்டு மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டலாம். மடிப்பு மேசை அம்மாளுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. வேனுக்கு வேலை இருக்காது, வேன் ஓட்டுகிறவருக்கும்தான்.

ஆறு நாளாக விடாத மழை. மழையைக் குற்றம் சொல்லலாம்தான், ஆனால் போன இரண்டு மழைக்காலமும் இதே அறையில் துணி அப்பளமாகக் காய்ந்தது. துவைக்கும் மெஷின் சரியாகப் பிழியவில்லையோ என்று ஒரு விரிப்பை எடுத்து முறுக்கிப் பார்த்தாள். சொட்டுத் தண்ணீர் இல்லை. பிறகு உலர்த்தும் அறைக்குள் போய், சுவரிலிருந்து வரும் பெரிய தகரக் குழாயில் காதை வைத்தாள். உள்ளே காற்று ஓடுகிற சத்தம் வழக்கம்போல் ஹோ என்று கேட்டது. குழாயின் வாயில் கையை நீட்டினாள்.

முன்பெல்லாம் பத்து எண்ணுவதற்குள் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு அறுபது வரை எண்ணினாள். கை சும்மா அங்கேயே இருந்தது.

அந்தக் குழாய்க்கு மறுமுனை கொழுந்தனின் அறையில் இருக்கிறது. அவன் கம்ப்யூட்டரில் பிட்காயின் என்கிற காசைத் தோண்டுகிறவன். அதனால் அவனுடைய அண்ணன் அவனுக்குச் சுரங்கம் என்று பெயர் வைத்திருந்தார். பின்னறையில் இருபத்துநாலு மெஷின்கள். ஒவ்வொன்றும் ஒரு செருப்புப் பெட்டி அளவுதான், ஆனால் ராப்பகலாகக் கணக்குப் போட்டு அடுப்பாகக் கொதிக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அவன் வந்து, "அண்ணி, நான் காசு கொடுத்து சூட்டை வெளியில தள்ளிட்டிருக்கேன். நீங்க காசு கொடுத்து சூடு வாங்கிட்டிருக்கீங்க. நடுவுல ஒரே ஒரு சுவர்தான் இருக்கு" என்றான். சுவரில் ஓட்டை போட்டார்கள். துணி காய்ந்தது. அந்த மாதமே அண்ணி தன்னுடைய காஸ் டிரையரை விற்றாள். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை ஆகிவிடப்போகிறது என்று உறவில் நாலு பேர் சொன்னார்கள். உறவில் நாலு பேர் எப்போதும் எதையாவது சொல்லத்தான் செய்வார்கள் என்று அண்ணி காதில் வாங்கவில்லை. இப்போது அந்த நாலு பேரும் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தார்கள்.

பின்னறைக்குப் போனாள். கொழுந்தன் டீ குடிக்க வெளியே போயிருந்தான். எல்லா மெஷினிலும் பச்சை விளக்கு எரிந்தது. எல்லாக் காற்றாடியும் சுற்றியது. அண்ணி காய்ச்சல் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றின் மேலும் உள்ளங்கையை வைத்துக்கொண்டே போனாள். ஒன்பது சுட்டன. பதினைந்து ஜில்லென்று இருந்தன. சத்தம் இருந்தது, காற்று இருந்தது, சூடுதான் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு இதைவிடப் பொருத்தமாக ஒருவனும் ஏற்பாடு செய்திருக்க முடியாது.

கொழுந்தன் கதவைத் திறந்து உள்ளே வந்தான். அவள் கை இருந்த இடத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"எத்தனை நாளா?" என்று கேட்டாள்.

"எது அண்ணி?"

"பதினஞ்சு மெஷின் செத்துக் கெடக்கு. காத்தாடி மட்டும் சுத்துது."

"சாகல. தூங்க வெச்சிருக்கேன்."

"ஏன், தாலாட்டு பாட ஆள் கெடைக்கலையா? என்னைக் கூப்பிட்டிருந்தா வந்து பாடியிருப்பேன்ல. அங்க ஆஸ்பத்திரியில என் தொழிலையே தூங்க வைக்கப்போறாங்க."

சீட்டை அவன் கையில் கொடுத்தாள். அவன் இரண்டு வரியையும் படித்தான். இன்னொரு தடவை படித்தான். நாற்காலியில் உட்கார்ந்தவன் நிமிரவே இல்லை.

"பத்து நாளாச்சு அண்ணி. இந்தப் பதினஞ்சையும் ஓடவிட்டா கரண்ட் பில்லுக்கே பத்தல."

"விலை எறங்கிடுச்சா?"

"விலை நல்லாத்தான் இருக்கு. அதான் வயித்தெரிச்சல். விலை இருக்கு, பேச்சு இருக்கு. அனுப்புற ஆளைத்தான் காணோம்."

அண்ணிக்குப் புரியவில்லை. அவன் அவளுக்குத் தெரிந்த விதமாகச் சொல்லிப் பார்த்தான். பிட்காயின் என்றால் பத்து நிமிஷத்துக்கு ஒரு வேன் கிளம்புகிற மாதிரி. ஒருத்தருக்கொருத்தர் அனுப்புகிற காசெல்லாம் அந்த வேனில் ஏறிப் போகிறது. வேனை ஓட்டுவது உலகம் முழுக்க இருக்கும் இவனைப் போன்ற ஆட்களின் மெஷின்கள். ஓட்டுகிறவனுக்கு இரண்டு வருமானம். ஒன்று நிரந்தரக் கூலி. அது நாலு வருஷத்துக்கு ஒரு தடவை பாதியாகிவிடும். இன்னொன்று ஏறுகிறவர்கள் கொடுக்கும் கட்டணம்.

"கூலி பாதியானா ஆகட்டும், அதுக்குள்ள ஜனங்க இதைப் புழங்க ஆரம்பிச்சிருவாங்க, கூட்டம் அலைமோதும், இடம் பிடிக்க நான் நீன்னு கூடக் கொடுப்பாங்க, அந்தக் கட்டணத்துலயே பொழைச்சுக்கலாம்னு சொன்னாங்க. கூலி சொன்னபடி பாதியாச்சு. கூட்டம்தான் வரல. வேன்ல நிக்க ஆள் இல்ல, உக்கார எடம் காலியா கெடக்கு. காலி வேன்ல எவன் கூடக் கொடுத்து ஏறுவான்? யானைப் பசிக்குச் சோளப்பொரி."

"அப்போ வாங்குறவங்க எல்லாம் என்னதான் பண்றாங்க?"

"வாங்கி பத்திரமா வெச்சுப் பூட்டிடுறாங்க. விலை ஏறட்டும்னு."

அண்ணி அதைத் தன் தொழிலுக்குத் திருப்பிப் பார்த்தாள். "அதாவது எல்லாரும் புதுத்துணி வாங்குறாங்க. பீரோவுல அடுக்கி வெச்சுட்டு அழகு பாக்குறாங்க. யாரும் உடுத்தல. உடுத்தினாத்தானே அழுக்காகும், அழுக்கானாத்தானே நம்மகிட்ட வரும்."

கொழுந்தன் அவளை நிமிர்ந்து பார்த்தான். மூன்று வருஷமாக அவன் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்த விஷயத்தை அவள் மூன்று மூச்சில் சொல்லிவிட்டாள்.

"ஆமா அண்ணி" என்றான். "யாருமே உடுத்தாத ஊர்ல நான் லாண்டரி வெச்சிருக்கேன்."

சிரிப்பு வருகிற பேச்சுதான். இரண்டு பேருக்கும் வரவில்லை. கடையின் முன் கண்ணாடியில் "இங்கே சலவைக்கூலி பிட்காயினிலும் வாங்கப்படும்" என்று அவன் ஒட்டிய தாள் இன்னும் இருக்கிறது. இன்றுவரை அதை நம்பி உள்ளே வந்த வாடிக்கையாளர் ஒருத்தர்தான். அதுவும் இவனே, இரண்டு சட்டையோடு.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி."

"நீங்க டிரையரை வித்தது என் பேச்சைக் கேட்டு. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு சொல்றது?" கொஞ்சம் தயங்கி, மீதியையும் சொல்லிவிட்டான். "மெஷினை எல்லாம் ஒருத்தர் எடுத்துக்கிறேன்னார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் லாரி வருது. அதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லிடணும்னுதான் நெனச்சேன்."

அண்ணி நாட்களை எண்ணிப் பார்த்தாள். வெள்ளிக்கிழமைத் துணி போகட்டும், சனிக்கிழமைத் துணியை எங்கே காயவைப்பது? விற்ற டிரையரைத் திரும்ப வாங்க வழியில்லை. வெளியே மழை. அவனைக் கன்னத்தில் ஒன்று விடலாம் என்றுகூடத் தோன்றியது. தோளுக்கு மேல் வளர்ந்தவனை அடித்து என்ன ஆகப்போகிறது என்று அடக்கிக்கொண்டாள். பிறகுதான் அவளுக்குள் இருந்த சலவைக்காரி மெல்ல விழித்துக்கொண்டாள்.

"எல்லா மெஷினும் ஓடினா ஒரு நாளைக்கு உனக்கு எவ்வளவு கையைக் கடிக்கும்? எனக்குப் புரியிற மாதிரி சொல்லு."

அவன் மனசுக்குள் கூட்டிக் கழித்தான். "உங்க கணக்குல சொன்னா… ஒன்றரை காஸ் சிலிண்டர்."

"அந்த டிரையர் நாலு சிலிண்டர் குடிக்கும்டா." அண்ணிக்கு அன்றைக்கு முதல் தடவையாக மூச்சு முழுசாக வந்தது. "ஒன்றரைக்கா இத்தனை கள்ளத்தனம்? அதை நான் தர்றேன். மாசா மாசம் தர்றேன். லாரியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். நீ எல்லாத்தையும் போடு."

அவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள். கொழுந்தன் முகத்தில் அந்தச் சந்தோஷம் ஒட்டவில்லை.

"நஷ்டத்துல ஓட்டி, அந்த நஷ்டத்தை நீங்க கொடுத்து… அப்போ இது சுரங்கம் இல்ல அண்ணி. அடுப்பு."

"அடுப்புன்னா கேவலமா?"

"கேவலம்னு சொல்லல." தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "நான் வெறும் காசுக்காக இதுல எறங்கல. ஒருநாள் எல்லாரும் இதுலதான் கொடுப்பாங்க வாங்குவாங்க, அந்த வண்டியை ஓட்டுனதுல நமக்கும் ஒரு கை இருக்கும்னு நெனச்சேன். மூணு வருஷமாச்சு. இந்தத் தெருவுல ஒருத்தர் இதுல கொடுத்து ஒரு சோப்பு வாங்கி நான் பாத்ததில்ல."

அண்ணிக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் பாவம் பார்க்க அன்றைக்கு நேரம் இல்லை. "வெள்ளிக்கிழமை வரைக்குமாவது போடு தம்பி" என்றாள். அவன் எழுந்து போய் ஒவ்வொரு மெஷினாக எழுப்ப ஆரம்பித்தான்.

வியாழக்கிழமை முழுவதும் அண்ணி குழாயின் வாயிலேயே நின்றாள். காலையில் இருபது எண்ண முடிந்தது. மத்தியானம் பத்து. சாயங்காலம் எட்டிலேயே கையை இழுத்துக்கொண்டாள். முந்நூறு விரிப்புக்கும் ஓரத்தை அவளே பிடித்துப் பார்த்தாள். மடிப்பு மேசை அம்மாள், "போதும் அண்ணி, துணி கிழிஞ்சிரப்போகுது" என்றாள். அண்ணியின் பயம் அதுவல்ல. கொழுந்தன் லாரிக்காரரிடம் வர வேண்டாம் என்று சொன்னானா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை போன வேன் மத்தியானம் வரை வரவில்லை. அண்ணி வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்ததில் கால் கடுத்தது. கடைசியில் வேன் வந்தது. புருஷன் வெறும் தோளோடு இறங்கினார்.

"ஒவ்வொரு கட்டையும் பிரிச்சு ஓரத்தைத் தடவினாங்க. எனக்கு உயிரே இல்ல. அப்புறம் கையெழுத்துப் போட்டுட்டு, திங்கக்கிழமை இன்னும் அம்பது சேத்துக் கொண்டுவான்னாங்க."

அண்ணி அழுதுவிட்டாள். அழுதுகொண்டே, சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்வதற்காகப் பின்னறைக்கு ஓடினாள். கதவு பாதி திறந்திருந்தது. கொழுந்தன் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"மன்னிச்சிருங்க, மெஷின் விக்கல… இல்ல, லாரி அனுப்ப வேண்டாம்… லாபமா? லாபமெல்லாம் வரல…"

அந்தப் பக்கம் என்ன கேட்டார்கள் என்று ஊகிக்க வேண்டியதில்லை. லாபம் இல்லாமல் எதற்கு ஓட்டுகிறாய் என்றுதான் யாரும் கேட்பார்கள்.

"துணி காயவைக்கிறோம்" என்றான்.

போனுக்குள் ஒரு ஆள் விழுந்து விழுந்து சிரிப்பது கதவு வரை கேட்டது. கொழுந்தனும் கூடச் சேர்ந்து சிரித்தான். அவர் நிறுத்துகிற வரைக்கும் சிரித்தான். தன் கடை பிழைத்ததற்கு விலை ஒன்றரை சிலிண்டர் இல்லை, இவனுடைய மூன்று வருஷக் கனவு என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பியவன் அவளைப் பார்த்தான். ஈரக் கண்ணைப் பார்த்தே புரிந்துகொண்டான்.

"எடுத்துக்கிட்டாங்களா?"

ஆமென்று தலையை ஆட்டினாள்.

"நல்லது" என்றான். மேசையிலிருந்து ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து வைத்துக்கொண்டு, கூலிக்கு வந்த ஆள் கேட்கிற மாதிரி கேட்டான். "திங்கக்கிழமை எத்தனை மணிக்கு சூடு வேணும்?"

அவனிடம் சொல்ல எத்தனையோ இருந்தது அவளுக்கு. "ஆறு மணிக்கு" என்று மட்டும் சொன்னாள். அவன் எழுதிக்கொண்டான்.