போதும் அட்டை

காலையில் வகுப்புக்குள் நுழைந்ததுமே டீச்சரின் கண் சுவருக்குப் போனது. சுவர் மொட்டையாக நின்றது. எழுதுவது, சாப்பிடுவது, விளையாடுவது, வீட்டுக்குப் போவது என்று வரிசையாக ஒட்டியிருந்த பட அட்டைகளில் ஒன்றுகூட இல்லை.

அந்த வரிசைதான் சிட்டுவுக்கு அன்றைய பொழுது. பேச்சு வராத பிள்ளை. ஒரு வேலை முடிந்ததும் அதன் அட்டையைத் தானே பிய்த்துக் கூடையில் போட்டால்தான் அடுத்ததற்கு மனசு நகரும்.

அட்டைகள் வராந்தாவில், பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் சொகுசாக வீற்றிருந்தன. மேலே தங்க எழுத்தில் ‘எமது புதுமை முயற்சி’. நடுவில் தலைமையாசிரியரின் சிரித்த படம், எந்த அட்டையையும்விடப் பெரிதாக. மைக் கிடைத்தால் விடமாட்டார் என்பதால் ஆசிரியர் அறையில் அவருக்கு மைக் சார் என்று பெயர்.

“சார், அது பிள்ளை தொட்டுப் பிய்க்கிற அட்டை. பூட்டி வச்சா எப்படி?”

“இன்னிக்கு விழாவுக்கு ஆபீசர் வர்றாங்கம்மா. சுவத்துல அழுக்கா தொங்கினா நல்லாவா இருக்கும்? நாளைக்குத் தர்றேன்.”

“இன்னிக்கு அவ என்ன செய்வா?”

“அது உங்க பாடு. ஒண்ணு மட்டும் சொல்லிட்டேன். விழாவுல அவ கத்தினா, அவங்கம்மாவ வேற பள்ளிக்கூடம் பாத்துக்கச் சொல்லிடுவேன்.”

மற்ற பள்ளிகளெல்லாம் எப்போதோ கையை விரித்துவிட்டன. அது அவருக்கும் தெரியும்.

டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு வெள்ளைத் தாளில் படம் கிறுக்கி ஒட்டினார். சிட்டு அதை முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே போட்டாள். அவளிடம் மிஞ்சியது கவுன் பையிலேயே கிடக்கும் சிவப்பு அட்டை மட்டும்தான். விரித்த உள்ளங்கை வரைந்த அட்டை. ‘போதும்’ என்று பொருள். யார் கையில் அது வந்தாலும், டீச்சரே ஆனாலும், செய்வதை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கத்துவதற்கும் கடிப்பதற்கும் பதிலாக அதை நீட்டப் பழக்கியதில் டீச்சரின் முன்கை முழுக்கப் பல்தடம்.

விழாவில் ஒலிபெருக்கி காதைக் கிழித்தது. ஆபீசரம்மா கொட்டாவியை மென்று விழுங்கினார். சிட்டு காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினாள். பின்வரிசையில் அவள் அம்மா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

“இந்த மழலைகளின் மௌன மொழி எனக்குப் புரியும்!” என்று முழங்கினார் மைக் சார்.

சிட்டு எழுந்தாள். நேரே மேடையேறி, சிவப்பு அட்டையை அவரிடம் நீட்டினாள்.

“பாருங்கள், அன்புப் பரிசு!” அவர் அதைத் தூக்கிக் காட்டினார். கைதட்டல். அட்டை சட்டைப் பைக்குள் போனது. பேச்சு தொடர்ந்தது.

சிட்டு நின்றாள். கைகள் மறுபடி காதுக்குப் போயின. டீச்சர் விறுவிறுவென்று போய் ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கினார்.

“எவன் அது? போடு! போடுங்கறேன்ல!” மைக் இல்லாமலே மைக் சாரின் குரல் கூடத்தின் கடைசிவரை கேட்டது.

“நான்தான் சார். அது பரிசு இல்ல. ‘போதும், நிறுத்து’ன்னு சொல்ற அட்டை. மௌன மொழி புரியும்னீங்களே?”

“நீங்க வாய மூடுங்க!”

“பிள்ள கத்தல சார். மரியாதையா வந்து கேட்டா. கத்தினது நீங்க. இப்ப யாரு வேற பள்ளிக்கூடம் பாக்கணும்?”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் ஆபீசரம்மாவைப் பார்த்தார். அந்த அம்மாள் முதல்முறையாகக் கொட்டாவி இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

“பெட்டிச் சாவியக் குடுங்க சார்,” டீச்சர் கையை நீட்டினார்.

பக்கத்தில் இன்னொரு சின்னக் கையும் நீண்டிருந்தது, அவர் சட்டைப் பையை நோக்கி.

“ரெண்டையும் குடுத்துடுங்க சார்,” என்றார் ஆபீசரம்மா.