குழாயடி முகாம்

சுல்ஃபத் ஒதுங்கி நிற்கிற பெண் அல்ல. கல்லூரியில் சேர்ந்த முதல் வருஷமே பேச்சுப் போட்டி, வளையப்பந்து, ஆண்டு விழா நாடகத்தில் தாடி ஒட்டிக்கொண்டு அரசன் வேஷம் என்று கிடைத்த இடத்திலெல்லாம் தலையை நீட்டினாள். மட்டாஞ்சேரியிலிருந்து காலையில் படகேறி எறணாகுளத்துக்குப் படிக்கப் போகிற பெண்கள் அந்த அறுபதுகளின் தொடக்கத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்களிலும் பாதிப் பேர் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, யார் கண்ணிலும் படாமல் பட்டத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அது சுல்ஃபத்தால் ஆகாது. கல்லூரி என்றால் நாலு சுவரும் கரும்பலகையும்தான் என்று யார் சொன்னாலும் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

இரண்டாம் வருஷம் அவள் கண் வைத்தது சமூக சேவைச் சங்கத்தின் செயலாளர் பதவி மேல். அதுவரை ஒரு பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. எதிரே நின்றவன் வெங்கிடராமன், எறணாகுளத்து வக்கீல் வீட்டுப் பிள்ளை. நல்லவன்தான். மூன்று மொழியில் மணிமணியாகப் பேசுவான். பேசி முடித்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வான், அது ஒன்றுதான் குறை.

சங்கத்தின் பொறுப்பாளரான அனந்தலக்ஷ்மி டீச்சர் ஓட்டெடுப்பெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முகாம் நடத்துங்கள். மாணவர்கள் போய் மண்வெட்டி பிடிப்பது பெரிய காரியமில்லை, அந்த இடத்து ஜனங்கள் தாங்களாக வந்து வேலையில் கை வைக்க வேண்டும், அதை யார் செய்துகாட்டுகிறார்களோ அவர்தான் செயலாளர் என்றார். வெங்கிடராமன் முந்திக்கொண்டு ஏலூர்ப் பக்கம் ஒரு சாலையைச் சீர்செய்தான். ஊர்க்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள், எல்லோருக்கும் சாயா கொடுத்தார்கள், போட்டோவுக்கு நின்றார்கள். மண்வெட்டியை ஒருவரும் தொடவில்லை.

அடுத்தது சுல்ஃபத்தின் முறை. அவள் தன் தெருக் குழாயடியையே தேர்ந்தெடுத்தாள். அந்தச் சந்து முழுவதுக்கும் ஒரே குழாய். சுற்றிலும் சேறு, அடைத்துக்கொண்ட ஓடை, கொசு. சேற்றை அள்ளி, ஓடையைத் திறந்து, வெட்டுக்கல் பரப்பி ஒரு மேடை கட்டிவிட்டால் பெண்கள் வழுக்கி விழாமல் தண்ணீர் பிடிக்கலாம்.

கல்லூரியைச் சம்மதிக்க வைத்தது சுலபம். வீடுதான் கடினம். வாப்பா முகைதீன் பிச்சை, பஜாரில் வற்றல் மிளகாய் மொத்த வியாபாரி. அவர் தன் வழக்கப்படி, உன் உம்மா சரியென்றால் சரி என்று கழன்றுகொண்டார். உம்மா ரம்லத், சொந்தபந்தம் மொத்தத்தையும் எதிர்த்துச் சண்டை போட்டு மகளைக் கல்லூரிக்கு அனுப்பியவள். அதனாலேயே அவளுக்கு பயம் அதிகம். பெண்ணை அனுப்பாதே என்று சொன்னவர்கள் எல்லோரும் எப்போது சறுக்குவாள் என்று காத்திருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

"படிக்கத்தான் அனுப்பினேன், பஞ்சாயத்து பண்ண இல்லை, கேட்டியா" என்றாள். "செய்யி. ஆனா தெருவிலே ஒருத்தி ஒரு வார்த்தை சொன்னாலும் சங்கமும் வேண்டாம் கிங்கமும் வேண்டாம். கிளாஸ் விட்டா அடுத்த போட்டைப் பிடிச்சு வீட்டுக்கு வந்துடணும்."

சுல்ஃபத் தயங்காமல் சரி என்றாள். தன் தெருவைத் தனக்குத் தெரியாதா என்ன.

இந்த இடத்தில் குழாயடியின் சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். காலையில் கொஞ்ச நேரமும், சாயங்காலம் நாலு மணிக்கு மேல் கொஞ்ச நேரமும்தான் தண்ணீர் வரும். காலைத் தண்ணீர் நின்ற உடனேயே சாயங்காலத்துக்கான வரிசை தொடங்கிவிடும். நிற்பது மனிதர்கள் அல்ல, குடங்கள். நல்ல குடத்தை வெயிலில் விட மனசில்லாதவர்கள் உடைந்த சட்டியை வைப்பார்கள், துருப்பிடித்த தகரத்தை வைப்பார்கள், ஒரு செங்கல்லைக்கூட வைத்துவிட்டுப் போவார்கள். வைத்தவள் வீட்டில் சோறு பொங்கிக்கொண்டிருந்தாலும் அந்தக் கல்தான் அவள். அதை யாரும் தொடக் கூடாது. தொட்டால் கழுத்தைப் பிடித்துத் தள்ளியதற்குச் சமம்.

இதைச் சுல்ஃபத் தன் சங்கத்தாரிடம் சொல்லவில்லை. மறைக்கவில்லை, சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. நடக்கும்போது காலைத் தரையில் வை என்று யாராவது யாருக்காவது சொல்லித்தருவார்களா? ஆனால் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டுக்குள் கிணறோ குழாயோ உள்ளவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலை ஜரூராகத் தொடங்கியது. பையன்கள் முழங்கால் சேற்றில் இறங்கினார்கள். பெண்கள் கூடை மாற்றினார்கள். மத்தியானத்துக்குள் ஓடை திறந்து தண்ணீர் ஓடியது. பூச்சுக்குச் சுண்ணாம்புக் கலவை போதவில்லை என்று சுல்ஃபத் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, வாப்பாவின் சிநேகிதர் வீடு கட்டுகிற இடத்துக்குப் போனாள். டீச்சரை ரம்லத் வீட்டுக்குள் அழைத்து உட்காரவைத்திருந்தாள். மேற்பார்வை வெங்கிடராமன் கையில் வந்தது. போட்டியாளனாக இருந்தும் அவன் மனசார உழைத்தான் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். மனசார உழைத்ததில்தான் வினையே.

இடைஞ்சலாகக் கிடக்கிறதே என்று உடைந்த சட்டியையும் தகரத்தையும் குப்பை வண்டியில் ஏற்றி அனுப்பினான். குடங்களைத் தூக்கிச் சுவரோரமாகப் பெரிதிலிருந்து சிறிதாக அழகாக அடுக்கினான். மேடையின் ஒரு மூலையில் கல் குறைந்தது. பக்கத்திலேயே ஒரு செங்கல் இருந்தது, எடுத்துப் பதித்து, மிச்சமிருந்த கலவையால் பூசிவிட்டான்.

அந்தச் செங்கல் மூக்கம்மாள். மதுரைப் பக்கத்திலிருந்து வந்து ஓட்டல்களுக்கு மாவாட்டிக் கொடுக்கிறவள்.

சுல்ஃபத் கலவையோடு திரும்பியபோது சந்தின் வாயிலிலேயே சத்தம் கேட்டது. மூக்கம்மாள் மேடையின் மூலையைக் காலால் உதைத்துக்கொண்டிருந்தாள். சந்தின் இன்னொரு பெண் மாயம்மாள் தன் தகரத்தைக் கேட்டு ஒப்பாரி வைத்தாள். மற்றவர்கள் சுவரோரக் குடங்களைப் பிடித்து இழுத்து, நான்தான் முன்னால், நீ எங்கே முன்னால் என்று ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். ஒரு செங்கல்லுக்கா இவ்வளவு என்று வெங்கிடராமன் நியாயம் கேட்டான். அவனுக்குக் கிடைத்த பதிலை எழுத முடியாது. சுல்ஃபத் ஒரு பார்வையிலேயே எல்லாவற்றையும் புரிந்துகொண்டாள். ஒருத்தி ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று உம்மா சொல்லியிருந்தாள். இங்கே தெருவே கத்துகிறது.

உம்மாவும் டீச்சரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பேசாமல் நாலு மணிப் படகைப் பிடித்துப் போய்விடலாம் என்று வெங்கிடராமன் சுல்ஃபத்தின் காதோரம் சொன்னான். ஆனால் பாதியில் விட்டு ஓடுகிற பழக்கம் அவளுக்கில்லை. கலவைச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, ஓடைச் சுவர் மேல் ஏறி நின்றாள்.

"தப்பு எங்க மேலதான்" என்று ஆரம்பித்தாள். அந்த ஒரு வார்த்தைக்கே பாதிச் சத்தம் அடங்கியது. "வரிசை போச்சு. யாரு முன்னாலே, யாரு பின்னாலேன்னு இனி யாராலயும் சொல்ல முடியாது. அதனாலே இன்னிக்கு வீட்டுக்கு ஒரு குடம். எல்லா வீட்டுக்கும் ஒண்ணு போய்ச் சேர்ந்த பிறகுதான் ரெண்டாவது. நாங்களே பிடிச்சு உங்க வாசல்லே கொண்டுவந்து வைக்கிறோம்."

மூக்கம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "பேச்சு நல்லாத்தான் இருக்கு. உங்க வீட்டு நாலு குடமும் தினம் முதல்லல்ல நிக்கும்? அது என்னாகும்?"

தெரு முழுக்கச் சுல்ஃபத்தைப் பார்த்தது. மூக்கம்மாள் சொன்னது உண்மை. விடியுமுன் எழுந்து முதல் இடத்தில் நாலு குடம் வைப்பது ரம்லத்தின் வழக்கம், அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. சுல்ஃபத் உம்மாவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"எங்க வீடு கடைசி."

ரம்லத் திரும்பி உள்ளே போய்விட்டாள். கதவு சாத்துகிற சத்தம் சுல்ஃபத்தின் காதில் விழுந்தது. அப்போது குழாயில் காற்று சீறி, தண்ணீர் கொட்டத் தொடங்கியது.

அதன் பிறகு நடந்ததைப் பார்த்தவர்கள் வருஷக்கணக்கில் சொல்லிச் சிரித்தார்கள். குடத்தை எப்படித் தூக்குவது என்று வக்கீல் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியவில்லை. தோளில் வைத்தான், முதுகெல்லாம் நனைந்தது. தலையில் வைத்தான், கண்ணை மறைத்தது. மாயம்மாள் ஒப்பாரியை மறந்துவிட்டு, இடுப்பில் வை ராசா, உனக்கும் இடுப்பு இருக்கு என்று சொல்லிக்கொடுத்தாள். பையன்கள் வாசல்வரை கொண்டு வைத்தார்கள், மாணவிகள் அதை எடுத்து அடுப்படிவரை போய் ஊற்றினார்கள். இவ்வளவு நாளாகச் சந்தின் கடைசி வீடுகளுக்கு ஒரு குடம் நிறைவதே சந்தேகம். அன்று அங்கேயும் முதலிலேயே ஒன்று நிறைந்தது.

ஆனால் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேருமுன்பே தண்ணீர் மெலிந்தது. மெலிந்ததைக் கண்டதும் ஜனங்களுக்குப் பொறுமை போயிற்று. முதலிலேயே வாங்கிக்கொண்ட சிலர் இரண்டாவது குடத்தோடு முண்டினார்கள். மூக்கம்மாள் தன் பித்தளைக் குடத்தைக் குழாய்க்கு நேராகத் தள்ளினாள். சுல்ஃபத் தடுத்தாள், அவள் கேட்கவில்லை. டீச்சர் குறுக்கே ஒரு அடி எடுத்து வைத்தார், பிறகு நின்றுவிட்டார்.

கதவு திறந்தது. ரம்லத் வந்தாள். கையில் ஒரே ஒரு குடம். முக்காட்டை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, கூட்டத்தை விலக்கி, குழாயின் அடியில் போய் உட்கார்ந்தாள். மூக்கம்மாளின் குடத்தைப் பக்குவமாக ஓரத்தில் நகர்த்தினாள்.

"வீட்டுக்கு ஒண்ணுன்னு சொன்னா ஒண்ணுதான்" என்றாள். "நாலு வச்சவளே ஒண்ணோட வந்திருக்கேன், உனக்கென்ன?"

மூக்கம்மாள் முறைத்துக்கொண்டே தானே முன்னால் வந்து, அடுத்த வீட்டுச் சட்டியை எடுத்து நீட்டினாள். மாயம்மாள் நிறைந்த குடங்களைத் தூக்கிக் கொடுத்தாள். இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். மாணவர்கள் வெறுங்கையோடு ஒதுங்கி நின்றார்கள், அவர்களுக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. கடைசியாக ரம்லத்தின் குடத்துக்கு முறை வந்தபோது நூல்போல் ஒழுகியது. பாதிதான் நிறைந்தது. அவள் அதை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

டீச்சர் அவளிடம் வந்து, நாளையிலிருந்து இந்த ஒழுங்கை யார் பார்த்துக்கொள்வார்கள், சுல்ஃபத்தா என்று கேட்டார். ரம்லத் மகளைப் பார்த்தாள். தலையெல்லாம் சுண்ணாம்பு, பாவாடையெல்லாம் சேறு.

"அவ எதுக்கு டீச்சர்? இந்தத் தெருவை நாங்க பார்த்துப்போம். அவளுக்கு வேற தெருவெல்லாம் கிடக்குல்ல. அங்கே போகட்டும், போட் கொஞ்சம் பிந்தினாலும் சாரமில்லை, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அரசன் வேஷத்தில்கூடக் கலங்காத சுல்ஃபத் அத்தனை பேர் முன்னால் அழுதாள், அதற்காக வெட்கப்படவும் இல்லை. வெங்கிடராமன் ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டே வந்து, செயலாளர் அவர்களே, அடுத்த ஞாயிறு எங்கே என்று கேட்டான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுள்ளிக்கல் குழாயடி என்றாள்.