கண்டெடுத்த இடம்: சாகாமம்

2025 ஏப்ரல் 24, வியாழக்கிழமை, காலை எட்டு மணி நாற்பது நிமிடம். வானத்தில் ஒரு முகிலும் இல்லை. கடற்பக்கமிருந்து வந்த காற்றில் ஈரம் இருந்ததே தவிரக் குளிர்ச்சி இல்லை. அக்கரைப்பற்றில் ஓர் அரச அலுவலகத்தின் விறாந்தையில், துவாயால் சுற்றிய கல்லொன்றை மடியில் வைத்தபடி, நிந்தவூர் விஞ்ஞான ஆசிரியர் இன்ஸாப் உட்கார்ந்திருந்தார். கல் நழுவிவிடும் என்று அவர் பயப்படவில்லை. தாம் எழுந்து ஓடிவிடுவோமோ என்றுதான் பயந்தார்.

ஓடவும் வழி இல்லை. கேற்றுக்கு வெளியே சாகாமத்து வயற்காரர் ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். சத்தம் போட்டிருந்தால் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். அவர்கள் சும்மா நின்றார்கள்.

கல்லுக்குள் ஒரு மீன் இருந்தது. பதினைந்து கோடி ஆண்டுகளுக்கு முன், யுராசிக் காலத்துக் கடலடிச் சேற்றில் அமிழ்ந்து, சேறு கல்லானபோது தானும் கல்லான மீன். ஒரு சாண் நீளம். செதில்கள் வரிசை கலையவில்லை. துடுப்பின் கதிர்களை ஊசி முனையால் எண்ணலாம். இப்படி இருபத்துமூன்று மீன்கள் இன்ஸாபிடம் இருந்தன. எல்லாம் தென் ஜேர்மனியில் வேலை பார்க்கும் கல்முனை நண்பன் றெஜினோல்ட் அங்குள்ள சுண்ணக்கல் குவாரிகளில் கட்டணம் செலுத்திப் பிளந்தெடுத்தவை. ஒவ்வொன்றின் கீழும் இன்ஸாப் ஓர் அட்டை வைப்பார். அதில் மூன்று வரிகள்: பெயர், காலம், கண்டெடுத்த இடம். மூன்றாம் வரி இல்லாத கல் சேகரிப்பாளருக்கு வெறுங்கல்.

இருபது ஆண்டுகளில் அந்த மீன்களைப் பார்க்க வேண்டும் என்று ஒருவரும் கேட்டதில்லை. பெருநாளுக்கு வருகிறவர்கள்கூட, கண்ணாடி அலுமாரிக்கு முதுகு காட்டித்தான் வட்டிலப்பம் சாப்பிட்டார்கள். சென்ற மார்ச்சில் ஒரு கண்காட்சி அறிவிக்கப்பட்டது. மாவட்டத்துக்குள் சேகரித்த பொருட்கள் மாத்திரமே ஏற்கப்படும் என்பது விதி. மிகச் சிறந்த மீனை எடுத்து, இன்ஸாப் புதிய அட்டை ஒன்று எழுதினார். பொய்யையும் அவரால் அரைகுறையாக எழுத முடியவில்லை. ‘சாகாமம்; குளத்து வாய்க்காலின் தென்கரை; மூன்றடி ஆழம்’ என்று எழுதித் திகதியும் இட்டார். மூன்று நாளில் முடிகிற கண்காட்சி. யார் போய்த் தோண்டிப் பார்க்கப்போகிறார்கள்?

ஒருவர் படம் எடுத்து முகநூலில் போட்டார். அதைக் கொழும்பில் பாறை ஆய்வு அதிகாரிகள் பார்த்தார்கள். மண்ணில் கிடைத்த அரிய பொருளை அறிவிக்காமல் வைத்திருந்தது குற்றமா என்று விசாரிக்கப்படும் என இன்ஸாபுக்குக் கடிதம் வந்தது. செவ்வாய்க்கிழமை இடைக்காலக் கட்டளையும் வந்தது: ஆய்வு முடியும்வரை வாய்க்காலில் தண்ணீர் ஓடக் கூடாது, குளத்து மதகான துருசைத் திறக்கக் கூடாது. திங்கட்கிழமையே வயற்காரர்கள் சிறுபோகத்துக்கான விதைநெல்லை ஊறப்போட்டிருந்தார்கள். அது இப்போது முளைவிட்டுச் சாக்குகளுக்குள் கிடந்தது. ஈர வயலில் நாளைக்குள் விழாவிட்டால் வேர் பின்னி அழுகிவிடும்.

அருகில் அதாவுல்லா உட்கார்ந்திருந்தார். அவர் இன்ஸாபின் மனைவி ஸுல்பிகாவின் காக்கா, அதாவது அண்ணன். அந்த வயற்பரப்பான வட்டைக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையும் அவரே.

“மச்சான், உள்ளுக்க போனா வடிவாக் கதைங்க. அந்த வாய்க்கால்ல ஒரு மீன்தான் கிடந்திச்சி, இனி ஒண்டும் இல்லண்டு சொல்லுங்க. உங்கட ஒத்த மீனுக்காக முன்னூறு ஏக்கர் காயிது.”

“ஓம்.”

“பிடிச்சதுதான் பிடிச்சீங்க, ஒரு விராலப் பிடிச்சிருந்தா ஆணம் காச்சித் திண்டாவது இருக்கலாம்.”

இன்ஸாப் சிரிக்க முயன்றார். உதடு மட்டும் இழுபட்டது.

இருவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். அங்கே கொழும்பிலிருந்து வந்த பாறையியல் அதிகாரி டிலக்சினி இருந்தார். முப்பது வயது இருக்கும். மேசையில் கண்காட்சி அட்டை ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள் இருந்தது. அதில் தம் கையெழுத்தை இன்ஸாப் கண்டார். யோசித்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் கைவிட்டுப் போயின.

“மிஸ், இது சாகாமத்துக் கல் இல்ல. ஜேர்மனிக் கல். அட்டைய நான் பொய்யா எழுதின.”

அதாவுல்லாவின் கதிரை கிறீச்சிட்டது. டிலக்சினி யன்னலுக்கு வெளியே, கேற்றைப் பார்த்தார்.

“சேர், வெளிய நிக்கிற ஆக்கள் உங்கள வெருட்டினவங்களா?”

“இல்ல.”

“பக்கத்தில இருக்கிறவர் ஆர்?”

“மச்சான்.”

“இவரும் அந்த வட்டைக்காரரா?”

“ஓம்.”

அதை அவர் எழுதிக்கொண்டார். “அந்தப் பக்கத்தில இப்பிடிக் கல் இருக்கும் எண்டு நானும் நம்பேல்ல, சேர். ஆனா அட்டையப் பாருங்க. தென்கரை, மூண்டடி ஆழம், திகதி. பொய் எழுதுற ஆக்கள் இப்பிடி எழுத மாட்டாங்க. அண்டைக்குப் பொய்யா, இண்டைக்குப் பொய்யா எண்டு நான் எப்பிடிக் கண்டுபிடிக்கிற?”

உண்மையைச் சொல்வதுதான் கடினம் என்று இன்ஸாப் மூன்று இரவுகள் விழித்திருந்தார். சொன்ன உண்மை நம்பப்படாமல் போகும் என்பது அவர் பயத்துக்குக்கூடத் தோன்றவில்லை.

“ரெண்டு மணிக்கு வெளிக்கிடுறன். அதுக்கு முன்னம் ஆதாரம் தந்தா முடிவு எழுதித் தருவன். இல்லாட்டி கல்லு என்னோட வரும், ஃபைல் பொலிசுக்குப் போகும், துருசு பூட்டினபடிதான்.”

ஆதாரம் ஒன்று இருந்தது. இந்தக் கற்கள் புத்தகம் விரிவதுபோலப் பிளக்கும். ஒரு பாதியில் மீன், மறுபாதியில் அதன் அச்சு. பிளந்ததைப் பங்கிட்டுக்கொள்வது நண்பர்கள் இருவரின் வழக்கம். றெஜினோல்டின் பாதிகள் கல்முனையில் அவன் தாய் சகாயம்மாவின் வீட்டில் இருந்தன. குவாரிக்காரர் கொடுத்த பற்றுச்சீட்டை அவன் ஒவ்வொன்றின் முதுகிலும் ஒட்டியிருந்தான்.

அதாவுல்லா மோட்டார் சைக்கிளை உதைத்தார். “ஏறுங்க” என்றார். ஒலுவில் தாண்டி, நிந்தவூரும் வந்தது.

“மூண்டடி ஆழமும் பொய்யா?”

“ஓம்.”

“அல்லாஹ்வே.” அதாவுல்லா வேகத்தைக் கூட்டினார். “இண்டைக்கு உங்கள உசிரோட விடுறது எங்கட ஸுல்பிகாட முகத்துக்குத்தான்.”

அது பகிடியா என்று பார்க்க அவர் முகம் தெரியவில்லை. பின்னால் இருந்தவருக்கு முதுகு மட்டுமே தெரிந்தது.

சகாயம்மா மாதா சொரூபத்துக்குப் பின்னாலிருந்து கல்லை எடுத்து வந்தார். “கோவிக்கப்படாது மகன். தூசி தட்டக்குள்ள விழுந்து வால் பக்கம் உடைஞ்சி போச்சு. றெஜிக்கு இன்னும் சொல்லல்ல.”

இன்ஸாப் கல்லைப் புரட்டிப் பார்த்தார். பற்றுச்சீட்டு இருந்தது; ஆனால் அது தம் கல்லுக்குரியது என்பதற்கு இரண்டு பாதிகளும் பொருந்த வேண்டும். வால் உடைந்துவிட்டது. ஓரங்களோ பொருந்தவே மாட்டா. மரச்சட்டத்துக்குள் நேர்த்தியாக அமர வேண்டும் என்று தம் பாதியின் நான்கு ஓரங்களையும் அவரே கல்லறுக்கும் வாளால் வெட்டியிருந்தார்.

திரும்பும் வழியில் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வேகத்தடை ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடி ஸலவாத்து ஓதினார். அதாவுல்லா ஒவ்வொரு தடையிலும் வண்டியை ஏறக்குறைய நிறுத்தியே ஏற்றினார். அந்த நிதானத்திலும் கோபம் இருந்தது.

பிற்பகல் ஒரு மணி இருபது நிமிடத்துக்கு இரண்டு பாதிகளும் மேசையில் இருந்தன. டிலக்சினி ஓரங்களைச் சேர்த்துப் பார்த்தார். சேரவில்லை.

“பொருந்தேல்ல, சேர்.”

“செவுளுக்குப் பின்னால பாருங்க மிஸ்.” இன்ஸாப் விரலால் காட்டினார். “என்ட பாதியில ஏழு செதில் இல்ல. மேல்வரிசையில நாலு, கீழ்வரிசையில மூண்டு. மூண்டாவதுக்கு ஒரு மூலை மட்டும் மிஞ்சியிருக்கு.”

அந்த ஏழு செதில்களின் இன்மை பதினொரு ஆண்டுகளாக அவரை உறுத்தி வந்த குறை. ஒருமுறை வண்ணம் தீட்டி மறைக்கலாமா என்றுகூட நினைத்தார். கை வரவில்லை.

டிலக்சினி உருப்பெருக்கிக் கண்ணாடியைக் குனிந்து பிடித்தார். மறுபாதியில் அதே இடத்தில், கல்லோடு ஒட்டிப் பிரிந்த ஏழு செதில்கள் பழுப்பாய் மின்னின. மூன்றாவதுக்கு மூலை இல்லை. அவர் இரண்டு தடவை எண்ணினார். பின் கல்லைப் புரட்டிப் பற்றுச்சீட்டைப் படம் எடுத்தார். பின் கணினியை இழுத்து எழுதத் தொடங்கினார். விசைகளின் சத்தம் நின்றபோதெல்லாம் இன்ஸாப் நிமிர்ந்து பார்த்தார்.

அச்சிட்ட தாளை அவர் உரத்து வாசித்தார். இப்பொருளுக்கும் சாகாமக் குளத்துக்கும் தொடர்பில்லை. இடைக்காலக் கட்டளை இத்தால் நீக்கப்படுகிறது. அதாவுல்லா எழுந்து, துருசுக்காரனைக் கைபேசியில் அழைத்தபடி கதவுக்கு வெளியே போனார். “டேய் மசூர், துருசத் திறடா! ஓம், இப்பவே!” என்ற குரல் விறாந்தையில் அதிர்ந்தது. கேற்றடியில் முதன்முறையாகச் சத்தம் எழுந்தது.

“மூண்டாவது பந்தி உங்களப் பற்றினது, சேர்.”

இன்ஸாப் தலையசைத்தார்.

பொய்த் தகவல் எழுதியமை கல்விப் பணிப்பாளருக்கு அறிவிக்கப்படும். இவரிடமுள்ள ஏனைய இருபத்திரண்டு கற்களின் அட்டைகளும், தனித்தனியே நிரூபிக்கப்படும்வரை, நம்பத்தகாதவை எனக் கொள்ளப்படும்.

வேலையைப் பற்றிய வரி அவருக்குக் காதில் விழுந்ததோ இல்லையோ, இரண்டாவது வரி விழுந்தது. சகாயம்மாவின் வீட்டில் எத்தனை பாதிகள் இருந்தன, எத்தனை இன்னும் உடையாமல் இருக்கின்றன என்று அவர் மனம் எண்ணத் தொடங்கியது.

டிலக்சினி பேனாவைத் திறந்து கையொப்பமிட்டார், முத்திரை குத்தினார், மை காய ஒருமுறை ஊதினார். தாளை மேசைக்கு மேலாக நீட்டினார். இன்ஸாப் உள்ளங்கைகளைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு, இரு கைகளாலும் அதை வாங்கினார்.