வண்டிக்குத் தெரிந்த கால்

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். அண்ணன் இறந்தபின் அவனுடைய ஸ்போர்ட்ஸ் காரை அண்ணிதான் ஓட்டிவந்தாள். சர்வீஸ் செய்து தருகிறேன் என்று தம்பி அதைத் தன் பட்டறைக்குக் கொண்டுபோனான். என்ஜினுக்கு வேகம் ஏற்றுவது அவன் தொழில். "குதிரையை வாங்கி எருமை மாதிரி ஓட்டுறியேண்ணா!" என்று அண்ணனை எத்தனை முறை கிண்டல் செய்திருப்பான்!

என்ஜினை இயக்க கம்பெனி வைத்த கம்ப்யூட்டரை அவன் மாற்றவில்லை. அதிலிருந்த புரோகிராமை நகலெடுத்துக்கொண்டு புதியதை ஏற்றினான். ஓட்டுபவரின் கால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும் விதத்தைப் பார்த்து வண்டி தானாகக் கற்றுவைத்திருந்ததை, வழக்கம்போல் அழித்தான். நகலில் அது வராது என்று தெரியும். அப்போது அது பெரிதாகப் படவில்லை.

ஒரு சுற்று போய்வந்த அண்ணியின் முகம் வெளுத்திருந்தது.

"என்ன பண்ணுனீங்க தம்பி? நான் ஓட்டுனாக்கூட உங்கண்ணன் ஓட்டுற மாதிரி பதமா போகுமே!"

"பழசு என்கிட்ட இருக்கு அண்ணி. இப்பவே போட்டுத் தரேன்."

போட்டான். மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தவள் இறங்கவில்லை.

"ஷோரூம்லேருந்து எடுத்துட்டு வந்த அன்னைக்கு இப்படித்தான் இருந்துச்சு தம்பி," என்றாள். "அவரு இன்னும் ஏறி உட்காரவே இல்லாத மாதிரி."