பூக்கக் கூடாத மரம்

கிளையின் நுனி கொக்கி போல வளைந்திருந்தது.

சமையலறைச் சன்னல் வழியாக அதைப் பார்த்த லுட்கார்ட், வாய்வரை கொண்டுபோன காப்பியைக் குடிக்காமலே கீழே வைத்தாள். நேற்று சாயங்காலம் அடித்த ஆலங்கட்டி மழையில் ஒடிந்திருக்கும், வேறொன்றும் இருக்காது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே செருப்புக்கூட மாட்டாமல் ஈரப் புல்லில் இறங்கி நடந்தாள்.

ஒடியவில்லை. பச்சைத் தண்டு தானாகவே தலையைக் கவிழ்த்திருந்தது. யாரோ கொள்ளிக்கட்டையைக் காட்டியது போல இலைகள் கருகிப்போய், உதிராமல் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன. தண்டின்மேல் தேன் துளி மாதிரி ஒன்று மினுங்கியது. ஓர் ஈ அதில் உட்கார்ந்து எழுந்து, வேலியைத் தாண்டிப் பறந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் செர்வாஸின் பேரிக்காய்த் தோட்டம்.

அந்த ஊரில் அந்த நோய்க்கு நெருப்பு என்று பெயர். அதைச் சொல்லும்போது எல்லோருக்கும் குரல் தானாகத் தாழும். அந்தக் கிளை அவள் வைத்திருந்த மே முள் மரத்துடையது; அதுவும் பேரியும் ஒரே குடும்பத்துச் செடிகள். ஒன்றில் பற்றினால் மற்றதில் பற்றும். பற்றினால் மருந்து கிடையாது. பிடுங்கிக் கொளுத்துவது ஒன்றுதான் வழி.

செர்வாஸ் அவளுடைய கணவரின் தம்பி. கணவர் போனபின் அவளுக்கு ஆள் என்று இருந்தவர்கள் அவனும் அவன் மனைவி ஆல்டாவும்தான். நாலு வருடம் முன்பு வாசல் செர்ரி மரம் காற்றில் சாய்ந்தபோது, அந்த இடத்தில் என்ன வைப்பது என்று அவர்கள் வீட்டு மேசையில்தான் பேச்சு நடந்தது.

"மக்னோலியா வைக்கட்டுமா?" என்று கேட்டாள் லுட்கார்ட்.

"வைங்க. ஏப்ரல்ல ஒருநாள் பனி விழும், மறுநாள் காலையில மரம் பூரா நனைஞ்ச சாக்ஸ் தொங்கும்," என்றாள் ஆல்டா.

"ஹைட்ராஞ்சியா?"

"அது நம்ம கல்லறைத் தோட்டத்துலயே வேண்டிய மட்டும் இருக்கு. என்னத்துக்கு அவசரம்?"

"ரோடோடென்ட்ரான்?"

"நம்ம சுண்ணாம்பு மண்ணுலயா? காமாலை வந்தவன் மாதிரி நிக்கும்க்கா."

"அப்ப நீயே ஒண்ணு சொல்லேன்டி!"

"லைலாக். வாசம் தெருக்கோடி வரைக்கும் வரும்."

"வேரும் தெருக்கோடி வரைக்கும் வரும். எங்கம்மா வீட்டுல தரையையே தூக்கிடுச்சு."

ரொட்டியில் பேரிப் பாகைத் தடவிக்கொண்டிருந்த செர்வாஸ் தலை நிமிராமல் சொன்னான். "எது வேணா வைங்க அண்ணி. மே முள் மட்டும் வேணாம்."

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவன் சின்னப் பையனாக இருந்தபோது நோய் வந்து அவனுடைய அப்பாவின் தோட்டம் முழுவதும் கொளுத்தப்பட்டது. அந்தப் புகையைப் பார்த்தவர்கள் இன்னமும் ஊரில் இருந்தார்கள்.

ஆனால் அடுத்த மே மாதம் செடிச் சந்தையில் அவள் அதைப் பார்த்துவிட்டாள். சின்ன ரோஜாக்களைக் கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டது போல, ரத்தச் சிவப்பில் இரட்டை இதழ் மே முள். அவள் தயங்குவதைப் பார்த்து விற்கிறவன், "இந்த ரகத்துக்கு அதெல்லாம் வராதும்மா," என்றான். எதெல்லாம் என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டு வந்து வாசலில் வைக்காமல் வீட்டுக்குப் பின்னால், சமையலறைச் சுவரோரம் நட்டாள்.

செர்வாஸ் ஒரு வாரம் கழித்துத்தான் பார்த்தான். வெகுநேரம் நின்றான்.

"அண்ணி."

"அந்த ரகத்துக்கு வராதாம்ப்பா."

"விக்கறவன் சொன்னானாக்கும்." அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "வெச்சது வெச்சாச்சு. அண்ணன் இருந்தா உங்கள ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாரு, நானும் சொல்லல. ஆனா அது பூக்கக் கூடாது. பூவிலதான் தேனீ உக்காரும், அங்கேர்ந்து நேரா என் மரத்துக்கு வரும். வருஷா வருஷம் குளிர்காலத்துல மொட்டையா வெட்டிடணும். சரியா?"

"சரி."

இரண்டு குளிர்காலம் வெட்டினாள். பூவுக்காகவே வாங்கிய மரம் பச்சைக் குச்சியாக நின்றது. மூன்றாவது குளிர்காலத்தில், சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த ஒரே ஒரு கிளையை விட்டுவைத்தாள். வேலிப்பக்கம் இருந்து பார்த்தால் தெரியாது. சமையலறையில் இருந்து மட்டும் தெரியும். மே மாதம் முழுக்க அவள் தினமும் காப்பியைச் சன்னலோரம் வைத்துக் குடித்தாள்.

இப்போது கொக்கியாக வளைந்திருப்பது அந்தக் கிளைதான்.

அவன் மதியச் சாப்பாட்டுக்கு உள்ளே போகும்வரை காத்திருந்து, கொட்டகையிலிருந்த கவாத்துக் கத்தரியை எடுத்து வந்து கிளையை அடியோடு வெட்டினாள். அவசரத்தில் கத்தரி இரண்டு தரம் வழுக்கியது. கிளையைச் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு முடிச்சிட்டாள். கத்தரியைக் கொட்டகைப் பலகைமேல் வைத்துவிட்டு உள்ளே ஓடி, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

யாருக்கும் தெரியாது. இனிமேல் தெரியவும் வேண்டாம். ஒரே ஒரு கிளைதானே.

ஆனால் ஈ பறந்து போனதே. ஆலங்கட்டி அடித்து அவன் மரத்திலெல்லாம் இலை கிழிந்து, பட்டை சிராய்த்துக் கிடக்கிறதே. அத்தனையும் நெருப்பு நுழையத் திறந்த காயம். சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னால் அவன் முகம் எப்படி மாறும் என்று நினைத்தபடி சமையலறை மேசையிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இந்த வயதில் அந்த இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவள் யார் வீட்டு மேசையில் போய் உட்காருவாள்?

அப்போதுதான் நோய் ஒட்டிய கத்தரியைத் துடைக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. ஸ்பிரிட் பாட்டிலோடு கொட்டகைக்குப் போனாள்.

பலகை காலியாக இருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் ஆல்டா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வாயில் இரண்டு கிளிப்.

"ஆல்டா, கொட்டகையில கத்தரி வெச்சிருந்தேனே..."

"அவருதான் எடுத்துட்டுப் போனாருக்கா. அவரோடதுல ஸ்பிரிங் போயிடுச்சாம். உங்ககிட்டக் கேக்கலியா? எங்க கேப்பாரு, உங்க கொட்டகைய அவரு கொட்டகைன்னுதான் நெனப்பு." ஆல்டா கிளிப்பை எடுத்துவிட்டு உற்றுப் பார்த்தாள். "என்ன, முகமெல்லாம் சுண்ணாம்பாட்டம் இருக்கு?"

"எங்க போனான்?"

"நேத்து மழைல ஒடிஞ்சு தொங்கறதையெல்லாம் வெட்டறேன்னாரு. வேலியோர வரிசையிலேர்ந்து... அக்கா! செருப்புப் போட்டுக்கிட்டுப் போங்க!"

லுட்கார்ட் ஓடினாள்.

பேரி வரிசைகள் இரண்டு பக்கமும் சுவர் மாதிரி நின்றன. ஒரு வரிசைக்குள் நுழைந்துவிட்டால் அடுத்த வரிசையில் இருப்பவர் தெரியாது. தரையெல்லாம் கிழிந்த இலை. கட்டைவிரல் அளவுக் காய்கள் வெட்டுப்பட்டுக் கிடந்து காலில் குத்தின. "செர்வாஸ்!" என்று கத்தினாள். மூச்சு வாங்கியதில் குரல் தூரம் போகவில்லை.

க்ளிக்.

எங்கிருந்தோ அந்தச் சத்தம் கேட்டது. நின்றாள்.

க்ளிக். க்ளிக்.

இடது பக்கம் என்று ஓடினாள். அங்கே ஆள் இல்லை, புதிதாய் வெட்டிய குச்சிகள் மட்டும் புல்லில் கிடந்தன. வெட்டு வாயெல்லாம் வெள்ளையாக, ஈரமாக இருந்தது. மரத்துக்கு மரம். ஒவ்வொன்றும் அவளுடைய கத்தரி பட்ட இடம். க்ளிக் என்று மறுபடியும் கேட்டது, இப்போது இன்னும் தள்ளி. அவன் வேகமாக வேலை செய்கிறவன். அவள் ஓட ஓட அந்தச் சத்தமும் ஒரு மரம் தள்ளிப் போய்க்கொண்டேயிருந்தது.

வரிசைக் கோடியில் அவன் முதுகு தெரிந்தது.

"என்ன அண்ணி, மாடு கீடு துரத்துதா?" என்று திரும்பிச் சிரித்தான். கத்தரி ஒரு கிளையைக் கவ்வியபடி இருந்தது. "இந்த ஓட்டம் ஓடறீங்களே, போன வருஷம் ஊர்ப் பந்தயத்துல..."

"கீழ போடு."

"எதை?"

"அதைக் கீழ போடு செர்வாஸ்! வெட்டாத!"

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. கிளையை விட்டுக் கத்தரியை எடுத்தான். அதைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவள் எதுவும் சொல்வதற்கு முன்னாலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது.

"இன்னிக்கு இதால எதை வெட்டுனீங்க?" என்று மெதுவாகக் கேட்டான்.

"அந்த... சுவர்ப் பக்கத்துக் கிளைய."

"வளைஞ்சிருந்துச்சா?"

"ஆமா."

"கருகி?"

"ஆமாப்பா."

"பூத்துச்சா?"

அவள் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை. அவனோ கத்தரியை, பாம்பை இறக்கி வைப்பவன் போலத் தரையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனான். தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். பிறகு வரிசையை, முதல் மரத்திலிருந்து கடைசி வரைக்கும், ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தான். அந்த அகன்ற தோளுள்ள மனிதனின் தாடை நடுங்குவதை அவள் அன்றுதான் பார்த்தாள்.

பின்னாலேயே செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு வந்த ஆல்டா பாதியிலேயே கேட்டுவிட்டாள். செருப்பு கீழே விழுந்தது.

"இந்த வரிசை முழுக்கவா?"

"கடைசி மரம் வரைக்கும்," என்றான் செர்வாஸ்.

"அப்ப இதைப் பிடுங்கிடணும். இன்னிக்கே."

"ஒட்டிச்சா இல்லையான்னே தெரியாதுடி. ஏழு வருஷ மரம். இந்த வருஷம்தான் ஒழுங்காக் காய்ச்சிருக்கு. ரெண்டு வாரம் பாக்கலாம். நுனி வாடினா அப்பப் பிடுங்கலாம்."

"உங்கப்பாவும் அதான் சொன்னாரு."

செர்வாஸ் கன்னத்தில் அறை வாங்கியவன் போல நின்றான். மேகம் விலகிச் சுள்ளென்று வெயில் அடித்தது. ஈரமும் சூடும் சேர்ந்த புழுக்கம். நெருப்புக்குப் பிடித்த வானிலை அதுதான் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

அவன் லுட்கார்ட் பக்கம் திரும்பினான்.

"நீங்க சொல்லுங்க. மரம் தேர்ந்தெடுக்கறதுல கெட்டிக்காரி நீங்கதானே."

அவன் அண்ணி என்று சொல்லவில்லை. பிடுங்கச் சொன்னால் நல்ல மரங்களைக் கொன்றவள் ஆவாள். விடச் சொல்லி நோய் வந்தால் தோட்டத்தையே கொன்றவள். எது சரி என்று அவளுக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. காய்த்து நின்ற மரங்களை அவளால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

"பிடுங்கிடு," என்றாள். "என்னோடத முதல்ல."

டிராக்டரில் சங்கிலி கட்டி இழுத்தார்கள். மே முள் முனகாமல் வந்தது. பேரி மரங்கள்தான் வேர் தெறிக்கத் தெறிக்க வந்தன. டீசல் ஊற்றியும் பச்சை மரம் லேசில் பற்றவில்லை. பற்றியபின் காய்கள் சீறின, வெடித்தன. செர்வாஸ் புகைக்கு எதிர்ப்பக்கம் நின்றான். லுட்கார்ட் புகையிலேயே நின்றாள். விலகி நிற்கச் சொல்லி யாரும் அவளிடம் சொல்லவில்லை.

அந்த மரங்களில் நோய் இருந்ததா என்பது இனி ஒருபோதும் தெரியப் போவதில்லை. மற்ற வரிசைகளில் இருக்கிறதா என்பதுதான் தெரிய வேண்டும், அதற்கு நாளாகும்.

ஆல்டா ஸ்பிரிட்டை எல்லோருடைய கைகளிலும் ஊற்றினாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ஊருக்குச் சொல்லணுமே."

நெருப்பைக் கண்டவர்தான் வீடு வீடாகப் போய்த் தன் வாயால் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்து வழக்கம் அது. போனில் சொல்லக் கூடாது. ஆளனுப்பக் கூடாது.

லுட்கார்ட் முகத்தில் இருந்த கரியைக்கூடக் கழுவாமல் புறப்பட்டாள். ரோட்டில் இறங்கியதும் பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது. செர்வாஸ் அவள் பக்கத்தில் வரவில்லை, நாலடி பின்னால் வந்தான். எதற்காக வருகிறான் என்று அவளுக்குத் தெரியவில்லை. துணைக்கா, அவள் உண்மையைச் சொல்கிறாளா என்று பார்க்கவா? கேட்கப் பயமாக இருந்தது.

முதல் வீடு கோர்னேலுடையது. அவர் கதவைத் திறந்து, வாய் நிறையச் சிரித்தார்.

"வாங்க வாங்க! ஆலங்கட்டி உங்க பக்கம் ரொம்பவா? என்ன இது, மூஞ்சியெல்லாம் கரி? சூளையில வேலைக்குச் சேர்ந்துட்டீங்களா?"

அவருக்குப் பின்னால், திறந்திருந்த கொல்லைக் கதவு வழியாக அவருடைய பேரி வரிசைகள் ரொம்ப தூரம்வரை தெரிந்தன.

"என் மரத்துல நெருப்பு, கோர்னேல்," என்றாள் லுட்கார்ட். "நான் பூக்க விட்டுட்டேன்."

சிரிப்பு எப்போது போனது என்று தெரியவில்லை. அவர் அவளைத் திட்டவில்லை. அவள் வீட்டுத் திசையிலிருந்து காற்று எப்படி அடிக்கிறது என்று முகத்தைத் தூக்கிப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்தபடியே போட்டுவிட்டு, வீட்டுச் செருப்போடு கொல்லைப் பக்கம் ஓடினார்.

லுட்கார்ட் அங்கேயே நின்றாள்.

"நடங்க," என்றான் செர்வாஸ் பின்னாலிருந்து. "இன்னும் தெரு முழுக்க இருக்கு."